கேட்கக் கொடுப்பதும் ஓர் அமானிதம்





சென்ற ரமலானின் கடைசி வாரம். இனயத்தில் நாம் பாடம் நடத்தும் மத்ரஸாவில் வகுப்பு முடிந்து பிள்ளைகள் கிளம்பிவிட்டார்கள். ஒரு மாணவன் மட்டும் கதவோரம் தயங்கி நின்றான். வயது 13 இருக்கும். அழைத்து விசாரித்தோம்.

"உஸ்தாதே, எங்க சாச்சா தம்மாம்ல இருக்காங்க. இந்தப் பெருநாளைக்கும் ஊருக்கு வர முடியாதாம். அவங்களுக்குப் பிடிச்ச பாட்டெல்லாம் சேர்த்து, ஒண்ணா அனுப்பலாம்னு நினைக்கிறேன். கூடுமா?"

கூடும், கூடாது என்ற இரண்டில் ஒரு சொல்லை எதிர்பார்த்துத்தான் அவன் நின்றான். இருபது ஆண்டுகளுக்கு முன்பு என்றால் அந்த ஒரு சொல்லை உடனே சொல்லி அனுப்பியிருப்போம். இம்முறை வாய் திறக்கவில்லை. "ஒரு தாளில் என்னென்ன அனுப்பப் போகிறாய் என்று எழுதிக் கொண்டு வா. ஒவ்வொன்றுக்கும் எதிரே, அதை ஏன் சாச்சாவுக்கு அனுப்புகிறாய் என்றும் எழுது" என்று மட்டும் சொன்னோம். ஏன் அப்படிச் சொன்னோம் என்பதை விளக்குவதற்காகவே இக்கட்டுரை. அதற்கு முன் நம் வீட்டில் நடந்த ஒரு தவற்றை ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது.

அறுபது நிமிட நாடா

இன்றைய பிள்ளைகளுக்கு ஒலிநாடா என்றால் என்னவென்று சொல்லித்தான் புரிய வைக்க வேண்டும். பிலிப்ஸ் நிறுவனம் 1963இல் அறிமுகப்படுத்திய அந்தச் சிறிய கேசட், வளைகுடாவுக்கு ஆட்கள் போகத் தொடங்கிய காலத்தில் நம் கடற்கரை ஊர்களுக்கு வந்து சேர்ந்தது. விடுமுறையில் வருகிறவர்களின் பெட்டியில் வாசனைத் திரவியமும் தைலமும் இருப்பது போல, ரேடியோவும் டேப்பும் சேர்ந்த 'டூ இன் ஒன்' ஒன்றும் தவறாமல் இருந்தது. ஊரில் அது பாட்டுக் கேட்கும் கருவி மட்டுமன்று, கடிதமும்கூட. எழுதப் படிக்கத் தெரியாத உம்மாமார்கள் அதன் முன்னே அமர்ந்து பேசினார்கள். அந்த நாடாவை, லீவு முடிந்து திரும்புகிறவர் எவரிடமாவது கொடுத்தனுப்பினார்கள். மறுபக்கத்தில் பதில் பேசப்பட்டு அதே நாடா திரும்பி வந்ததும் உண்டு.

நம் மாவட்டம் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர், திருக்கொச்சி ஆட்சியில் இருந்த மண். ஆகவே மாப்பிளைப் பாட்டும் நமக்கு அந்நியமன்று. 1970களின் பிற்பகுதியில் எஸ்.ஏ. ஜமீல் பாடிய 'துபாய் கத்துப் பாட்டு', ஊரில் இருக்கும் மனைவி வளைகுடாவில் இருக்கும் கணவனுக்கு எழுதும் கடிதமாகவே அமைந்தது. அது கேரளத்தில் அவ்வளவு பரவியதற்குக் காரணம், அந்தப் பாட்டில் வரும் வீடு ஒவ்வொரு வளைகுடாக்காரனின் வீடாகவும் இருந்ததுதான்.

அக்காலத்தில் கருங்கல், மார்த்தாண்டம், தக்கலை போன்ற ஊர்களின் கடைவீதிகளில் 'ரெக்கார்டிங் சென்டர்' என்று பலகை மாட்டிய சிறு கடைகள் இருந்தன. ஒரு காலி நாடாவையும், வேண்டிய பாடல்களை எழுதிய தாளையும் கொடுத்தால் அதே வரிசையில் பதிந்து தருவார்கள். அறுபது நிமிட நாடா என்றால் பக்கத்துக்கு முப்பது நிமிடம். தொண்ணூறு என்றால் நாற்பத்தைந்து. ஆறாவது பாட்டோ ஏழாவது பாட்டோ பாதியில் அறுந்துவிடும் போலிருந்தால் கடைக்காரர் பென்சிலால் ஒரு வட்டம் போட்டு, "இதை எடுத்துட்டு சின்னதா ஒண்ணு சொல்லுங்க" என்பார்.

நமது வாப்பா சவூதியில் வேலை செய்தவர். இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறைதான் ஊருக்கு வருவார். அவருக்காக உம்மா அப்படியொரு நாடாவைத் தயார் செய்தபோது, பட்டியலை எழுதியது நாமே. நமக்கு அப்போது பத்து வயது. உம்மா சொல்லச் சொல்ல, பள்ளி நோட்டின் நடுத்தாளைக் கிழித்து எழுதினோம்.

முதல் பக்கம் முழுவதும் எகிப்தின் காரி அப்துல் பாஸித் அவர்களின் கிராஅத். "வாப்பா வேலை முடிஞ்சு வந்து சாயும்போது முதல்ல ஓதல்தான் காதுல விழணும்" என்றார் உம்மா. இரண்டாம் பக்கத்தில் நாகூர் ஈ.எம். ஹனிஃபாவின் பாடல்கள் நான்கு, மாப்பிளைப் பாட்டு ஒன்று. ஒவ்வொன்றுக்கும் உம்மாவிடம் ஒரு காரணம் இருந்தது. ஒன்று அவர்களுடைய நிக்காஹ் நாளில் பந்தலில் ஒலித்தது. இன்னொன்றை வாப்பா கிணற்றடியில் குளிக்கும்போது முணுமுணுப்பார். சோகமான பாட்டு ஒன்றை நாம் சொன்னபோது, "அது வேண்டாம், தனியா இருக்கிற மனுசன்" என்று தடுத்துவிட்டார். எழுதத் தெரியாத அந்தப் பெண்மணி, கேட்கப் போகிறவரின் அறையை, அவர் களைத்து வரும் நேரத்தை, அவருடைய தனிமையை மனத்தில் வைத்துக்கொண்டே ஒவ்வொரு வரியையும் சொன்னார் என்பது இப்போதுதான் நமக்கு விளங்குகிறது.

இரண்டாம் பக்கத்தின் இறுதியில் சில நிமிடங்களைக் காலியாக விடச் சொல்லியிருந்தார். நாடா வீட்டுக்கு வந்ததும், உம்மாவின் தாயாரை டேப்பின் முன் உட்கார வைத்தார். உம்மும்மா என்று நாங்கள் அழைக்கும் அந்த முதியவர், மருமகனுக்கு ஸலாம் சொன்னார். பனி நேரத்தில் தலையில் துணி கட்டிக்கொள்ளச் சொன்னார். பிறகு பேரப்பிள்ளைகளை உறங்க வைக்கப் பாடும் தாலாட்டைப் பாடினார். அது முடிந்ததும் உம்மா ஒரு காரியம் செய்தார். கேசட்டின் மேல் விளிம்பில், பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு சிறிய பிளாஸ்டிக் துண்டுகள் இருக்கும். அவற்றை உடைத்து எடுத்துவிட்டால் அதன்மேல் வேறெதுவும் பதிய முடியாது. அவ்விரண்டையும் உம்மா உடைத்துவிட்டார்.

நாம் செய்த தவறு

ஆண்டுகள் சென்றன. உம்மும்மா வஃபாத்தானார். வாப்பா வேலையை விட்டு ஊர் திரும்பினார். அவருடைய பெட்டியில் அந்த நாடாவும் திரும்பி வந்தது. நாம் இஸ்லாமியக் கல்வியில் பட்டயம் பெற்று வீட்டுக்கு வந்து சேர்ந்தது 2002இல். கற்றது கொஞ்சம், வேகம் அதிகம். வீட்டில் என்னென்ன கூடாதவை உள்ளன என்று தேடுவதே அப்போது நமக்கு தஃவாவாகத் தோன்றியது. அலமாரியில் அந்த நாடா கண்ணில் பட்டது. இரண்டாம் பக்கத்தில் 'ஹனிஃபா பாட்டு' என்று நம் சிறுவயதுக் கையெழுத்தே இருந்தது.

உடைந்த துண்டின் இடத்தில் செல்லோடேப்பை ஒட்டினோம். ஒட்டினால் மீண்டும் பதிய முடியும் என்பது எல்லோருக்கும் தெரிந்த தந்திரம். அந்தப் பக்கம் முழுவதிலும் இசையின் தீமை குறித்த ஒரு பயானைப் பதிந்து, அதே இடத்தில் வைத்துவிட்டோம். நன்மையான காரியம் செய்துவிட்ட நிறைவோடு அன்று உறங்கினோம்.

சில நாள் கழித்து அஸருக்குப் பின் உம்மா அந்த நாடாவைப் போட்டார். பயான் ஒலித்தது. நாடாவைத் திருப்பிப் போட்டார், மீண்டும் திருப்பினார். நாம் முன்னே சென்று, என்ன செய்தோம், ஏன் செய்தோம் என்று விளக்கினோம். உம்மா கோபப்படவில்லை. "பயான் நல்லாத்தான் இருக்கு மக்களே. ஆனா இதுல எங்க உம்மா இருந்தாங்களே" என்றார்.

அதன் பிறகு அவர் அதைப் பற்றிப் பேசியதில்லை. உம்மும்மாவின் குரல் வேறெந்த நாடாவிலும் இல்லை.

மார்க்கம் என்ன சொல்கிறது?

இதைப் படிக்கும் சிலர், இந்த உஸ்தாது இசை கூடும் என்று சொல்ல வருகிறார் என எண்ணலாம். அவ்வாறில்லை. சட்டத்தை மறைத்துப் பேசுவது அறிவுக்குச் செய்யும் துரோகம். ஆகவே சுருக்கமாகச் சொல்கிறோம்.

மனிதனை இறைவழியிலிருந்து திசைதிருப்பும் வீண் பேச்சைக் கண்டிக்கும் லுக்மான் அத்தியாயத்தின் ஆறாம் வசனத்துக்கு, அது பாட்டைக் குறிக்கிறது என்று இப்னு மஸ்ஊத் (ரலி) விளக்கம் அளித்துள்ளார்கள். இசைக்கருவிகளை ஆகுமாக்கிக்கொள்ளும் கூட்டம் ஒன்று தோன்றும் என்ற எச்சரிக்கை ஸஹீஹுல் புகாரியில் இடம்பெற்றுள்ளது. இவற்றின் அடிப்படையில் நான்கு மத்ஹபுகளின் பெரும்பான்மை அறிஞர்கள், நம் கடற்கரை மக்கள் பலர் பின்பற்றும் ஷாஃபிஈ மத்ஹப் உட்பட, நரம்புக் கருவிகளையும் குழல் கருவிகளையும் தடுத்துள்ளார்கள். புகாரியின் அந்த அறிவிப்புத் தொடரில் குறை கண்டு, மாற்றுக் கருத்துச் சொன்ன இப்னு ஹஸ்ம் போன்றோரும் உண்டு. ஆனால் அவர்கள் சிறுபான்மையினர். பெரும்பான்மையின் கருத்தையே நாமும் பின்பற்றுகிறோம், மாணவர்களுக்கும் அதையே கற்பிக்கிறோம்.

அதே நேரத்தில் இன்னொரு பக்கமும் உள்ளது. பெருநாள் தினத்தில் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் வீட்டில் இரு சிறுமிகள் பாடிக்கொண்டிருந்தபோது, அபூபக்ர் (ரலி) அவர்கள் கண்டித்தார்கள். நபி (ஸல்) அவர்களோ, இது நமது பெருநாள் என்று கூறி, அச்சிறுமிகளை விட்டுவிடச் சொன்னார்கள். அன்ஸாரி ஒருவரின் வீட்டுக்கு மணமகள் அனுப்பப்பட்டபோது, அன்ஸாரிகள் மகிழ்ச்சிப் பாடலை விரும்புவார்களே, அதற்கு ஏற்பாடு ஏதும் இல்லையா என்ற பொருள்பட விசாரித்தார்கள். ஒட்டகங்களை அன்ஜஷா பாடி ஓட்டியபோது, மேலே அமர்ந்திருக்கும் பெண்களுக்காக மெதுவாக ஓட்டுமாறு சொன்னார்கள். நல்ல சொற்களை, கருவியின்றி, மனிதக் குரலில் பாடுவதும் கேட்பதும் மார்க்கத்தில் இடமுள்ளவையே.

கேட்பதிலேயே உயர்ந்ததையும் நபிகளாரே காட்டித் தந்தார்கள். தமக்கு ஓதிக் காட்டுமாறு இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்களைக் கேட்டார்கள். தங்கள் மீதே அருளப்பட்டதைத் தங்களுக்கே ஓதிக் காட்டுவதா என்று அவர் தயங்கினார். பிறர் ஓதக் கேட்பதைத் தாம் விரும்புவதாக நபிகளார் கூறினார்கள். அந்நிஸா அத்தியாயத்தின் 41ஆம் வசனத்தை அவர் அடைந்தபோது நபிகளாரின் கண்களிலிருந்து நீர் வழிந்துகொண்டிருந்தது. நேசிப்பவர் ஒருவரின் குரல் வழியாகக் கேட்பதற்குத் தனி இடம் உண்டு என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

நமது பயானில் தவறில்லை. நாம் செய்த விதத்தில்தான் தவறு. முதலாவதாக, அந்த நாடா நமது உடைமையன்று. பிறர் பொருளை அனுமதியின்றி அழித்தவன் அதற்கு ஈடு கொடுக்கக் கடமைப்பட்டவன் என்று ஃபிக்ஹ் நூல்களில் நாமே படித்திருந்தோம். இதற்கு எதைக் கொண்டு ஈடு கொடுப்பது? இரண்டாவதாக, முழுவதும் கேட்காமலேயே தீர்ப்பு வழங்கினோம். கேட்டிருந்தால் தாலாட்டை விட்டுவைத்திருப்போம். மூன்றாவதாக, பெற்ற தாயிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. சிறுமிகளைக் கண்டித்த அபூபக்ர் (ரலி) அவர்களின் நோக்கத்தில் யார் குறை காண முடியும்? அவர்களுக்கே 'விட்டுவிடுங்கள்' என்று சொல்லப்பட்ட இடம் ஒன்று இருந்திருக்கிறது. அந்த இடம் எது என்று நின்று பார்க்க நமக்குப் பொறுமை இல்லாமல் போயிற்று.

ஹதியாவா, ஃபார்வர்டா?

இன்று நாடாவும் இல்லை, ரெக்கார்டிங் கடைகளும் இல்லை. ஆனால் ஒருவருக்கொருவர் கேட்கக் கொடுப்பது முன்பைவிடப் பன்மடங்கு பெருகிவிட்டது. வெள்ளிக்கிழமை விடிந்தால் கைபேசியில் நஷீதுகள், பயான்கள், கிராஅத்துகள் வந்து குவிகின்றன. பெருநாள் என்றால் கேட்கவே வேண்டாம். அனுப்பியவரைச் சந்திக்கும்போது, "நீங்கள் அனுப்பியதைக் கேட்டேன், அந்த இறுதிப் பகுதி எவ்வளவு அருமை!" என்று சொல்லிப் பாருங்கள். பலர் விழிப்பார்கள். அவர்களே அதைக் கேட்டிருக்க மாட்டார்கள்.

ஹதியா கொடுங்கள், அதனால் உங்களிடையே நேசம் வளரும் என்ற கருத்தில் நபிமொழி உள்ளது. கேட்டதையெல்லாம் பிறரிடம் சொல்வதே ஒருவர் பொய்யர் என்பதற்குப் போதுமானது என்ற கருத்திலும் நபிமொழி உள்ளது. முன்னது உம்மா அனுப்பிய நாடாவுக்குப் பொருந்துகிறது. பின்னதோ, கேட்காமலேயே நாம் அனுப்புகிறவற்றுக்குப் பொருந்துகிறது. கேட்டதை எல்லாம் பரப்புவதே இப்படியென்றால், கேட்காததைப் பரப்புவதை என்னவென்று சொல்வது?

2018இல் வதந்திகளால் நாட்டின் பல இடங்களில் உயிர்கள் பறிபோனபோது, ஒரே நேரத்தில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் ஒரு செய்தியை அனுப்ப முடியாதபடி இந்தியாவில் வாட்ஸ்அப் கட்டுப்பாடு கொண்டு வந்தது. 2020 ஏப்ரலில், பலமுறை பகிரப்பட்ட செய்திகளை ஒரு நேரத்தில் ஒருவருக்கு மட்டுமே அனுப்பலாம் என்று மேலும் இறுக்கியது. செய்தி வந்தால் தீர விசாரியுங்கள் என்று அல்குர்ஆன் (49:6) பதினான்கு நூற்றாண்டுகளுக்கு முன்பே நமக்குக் கட்டளையிட்டிருக்க, ஒரு நிறுவனம் பூட்டுப் போட்டுத்தான் நம் விரல்களை நிறுத்த வேண்டியிருக்கிறது என்பது வெட்கத்துக்குரியது.

இன்னொரு புதிய பழக்கமும் வந்துவிட்டது. நமக்கு என்ன பிடிக்கும் என்று செயலியே கணித்து, ஒன்று முடிந்ததும் அடுத்ததை ஒலிக்கச் செய்கிறது. நாம் கேட்டதை வைத்து, நாம் நிறுத்தாமல் கேட்கக்கூடியதை அது தருகிறது. "அது வேண்டாம், தனியா இருக்கிற மனுசன்" என்று தடுக்க அதற்குத் தெரியாது. நம் பிள்ளைகள் எதைக் கேட்கிறார்கள் என்று கவலைப்படும் பெற்றோர், அவர்களுக்குத் தேர்ந்து கொடுக்க வீட்டில் எவரும் இல்லாத நிலையைப் பற்றியும் கவலைப்பட வேண்டும். பிள்ளையின் காது காலியாக இருப்பதில்லை. நாம் கொடுக்காவிட்டால் வேறெவரேனும் கொடுப்பார்கள்.

அனுப்பும் முன் நான்கு கேள்விகள்

நண்பருக்கோ உறவினருக்கோ கேட்பதற்கென்று எதையேனும் தொகுத்து அனுப்ப விரும்புகிறவர் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ள வேண்டிய நான்கு கேள்விகளை இங்கே முன்வைக்கிறோம்.

ஒன்று: இதை நாம் முழுவதும் கேட்டோமா? செவி, பார்வை, உள்ளம் ஆகிய அனைத்தும் விசாரிக்கப்படும் என்று அல்குர்ஆன் (17:36) எச்சரிக்கிறது. நம் செவிக்கே கணக்கு உண்டென்றால், பிறர் செவியில் நாம் போடுவதற்கு எவ்வளவு கவனம் தேவை! நன்மைக்கு வழிகாட்டியவருக்கு அதைச் செய்தவரின் கூலி போன்றது உண்டு. தீமைக்கு வழி திறந்தவருக்கும் அதில் பங்கு உண்டு.

இரண்டு: இது யாருக்கு, எந்த நேரத்துக்கு? இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் தமது இஹ்யாவில், செவிமடுப்பதன் ஒழுக்கங்களுக்கென்றே ஒரு நூற்பகுதியை ஒதுக்கியுள்ளார்கள். நேரம், இடம், உடனிருப்போர் ஆகிய மூன்றையும் கவனிக்க வேண்டும் என்ற ஜுனைத் (ரஹ்) அவர்களின் கருத்தை அதில் எடுத்துக்காட்டுகிறார்கள். கணவரை இழந்து இத்தாவில் இருக்கும் சகோதரிக்கும், நிக்காஹ் வீட்டுக்கும் ஒரே தொகுப்பை அனுப்புகிறவர் இம்மூன்றில் எதையும் கவனிக்கவில்லை.

மூன்று: இதில் எவருடைய குரலேனும் அவர் அனுமதியின்றி உள்ளதா? ஒருவர் பேசிவிட்டுச் சுற்றும் முற்றும் பார்த்தாலே அப்பேச்சு அமானிதமாகிவிடும் என்ற கருத்தில் ஹதீஸ் உள்ளது. குடும்பத்துக்குள் அனுப்பப்பட்ட ஒரு தாயின் அழுகையோ, ஒரு சகோதரியின் பாட்டோ, ஊர்க் குழுக்களில் சுற்றுவதை நாம் கண்டிருக்கிறோம். அனுப்பியவர் அன்பினால்தான் அனுப்பினார். அமானிதம் முறிந்தது முறிந்ததுதான்.

நான்கு: இதை எடுக்க நமக்கு உரிமை உண்டா? உம்மாவின் நாடாவைப் பதிந்து தந்த கடைக்காரரும் சரி, நாங்களும் சரி, பாடியவரிடம் எவரும் அனுமதி கேட்கவில்லை. அப்படியொரு உரிமை இருப்பதே அன்று நம் ஊரில் பலருக்குத் தெரியாது. நூல், படைப்பு ஆகியவற்றின் உரிமை ஷரீஅத்தில் மதிக்கப்பட வேண்டியது என்று சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் சபை 1988 டிசம்பரில் குவைத்தில் கூடி முடிவு செய்துள்ளது. இன்று இதற்கு எளிய வழி உண்டு. கோப்பை நகலெடுத்து அனுப்புவதற்குப் பதிலாக, படைத்தவரே வெளியிட்ட இடத்தின் இணைப்பை அனுப்பலாம். அவருக்குச் சேர வேண்டியது அவருக்குச் சேரும்.

இவற்றோடு, பெறுகிறவருக்கும் ஓர் ஒழுக்கம் உண்டு. அனுப்பப்பட்டதில் நமக்கு ஏற்பில்லாத ஒன்று இருந்தால், அனுப்பியவரைக் குழுவில் பலர் முன்னிலையில் சாடாதீர்கள். தனியே அழைத்து, முதலில் நன்றி சொல்லுங்கள், பிறகு விளக்குங்கள். செல்லோடேப்பைக் கையில் எடுக்காதீர்கள்.

மாணவனின் பட்டியல்

மறுநாள் அந்த மாணவன் தாளோடு வந்தான். அதில் நான்கு வரிகள் இருந்தன.

முதலாவது, அவனுடைய ஏழு வயதுத் தங்கை ஓதும் கடைசிச் சூராக்கள். 'சாச்சா போகும்போது அவள் பேசவே தொடங்கவில்லை' என்று எதிரே எழுதியிருந்தான். இரண்டாவது, பெருநாள் காலையில் நம் பள்ளிவாசலில் முழங்கும் தக்பீர். அங்கே பெருநாளன்றும் அவருக்கு வேலை இருக்குமாம். மூன்றாவது, இனயம் கடற்கரையின் அலையோசை. 'சாச்சா ஃபோனில் பேசும்போதெல்லாம் கடல் எப்படி இருக்கு என்று கேட்பார்.' நான்காவது, நாகூர் ஹனிஃபாவின் பாட்டு ஒன்று. 'உப்பா இதைப் பாடுவார், சாச்சாவும் பாடுவார்.'

முதல் மூன்றையும் படித்தபோது நமக்குச் சொல்ல எதுவும் இருக்கவில்லை. அந்தச் சிறுவன் நம்மைவிட நன்றாகச் சிந்தித்திருந்தான். நான்காவதில் நின்றோம். கருவிகளுடன் கூடிய பாட்டு. கூடாது என்று அடித்துவிடுவது எளிது. நாம் கற்பிக்கும் சட்டமும் அதுவே. ஆனால் 'உப்பா இதைப் பாடுவார்' என்ற சொற்கள் கண்ணை விட்டு அகலவில்லை.

"உப்பா இப்போதும் பாடுவாரா?" என்று கேட்டோம்.

"எப்பவாவது, அசரத்து வாற நேரத்துல."

"அப்படியானால் உப்பாவையே பாடச் சொல்லிப் பதிந்து அனுப்பு. கருவியும் வேண்டாம், கடையும் வேண்டாம். அவரிடம் அனுமதி கேட்டுவிட்டுப் பதிய வேண்டும், மறந்துவிடாதே" என்றோம்.

பெருநாள் கழிந்து மத்ரஸா திறந்த முதல் நாளே அவன் ஓடி வந்தான். சாச்சா அழைத்துப் பேசினாராம். அறையில் உடனிருப்பவர்களையும் சேர்த்து உட்கார வைத்துக் கேட்டாராம். தங்கையின் ஓதலை இரண்டு முறை போட்டாராம். வாப்பாவின் பாட்டைப் பற்றி, "சின்னப் பிள்ளையில கேட்டது. இப்பவும் குரல் மாறவே இல்லையே" என்று மட்டும் சொல்லிவிட்டுச் சிறிது நேரம் பேசாமல் இருந்தாராம்.

அன்று மாலை வீட்டுக்குச் சென்று உம்மாவின் அருகில் அமர்ந்தோம். அவருக்கு வயது எழுபதைக் கடந்துவிட்டது. இருபது ஆண்டுகளுக்கும் மேலாக நெஞ்சில் கிடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டோம். "அது படிச்சுட்டு வந்த புதுசு. விடு மக்களே" என்றார். உம்மும்மா பாடிய அந்தத் தாலாட்டு நினைவிருக்கிறதா என்று கேட்டோம். முதல் இரண்டடி உடனே வந்தது. மூன்றாவதைத் தேடிப் பிடித்தார். நான்காவது வரவில்லை. கிடைத்த வரையில் பதிந்து வைத்திருக்கிறோம்.

அன்பிற்குரியவர்களே! உங்கள் வீட்டில் ஓதத் தெரிந்த முதியவர் இருக்கிறாரா? தாலாட்டுத் தெரிந்த பெண்மணி இருக்கிறாரா? அவர்களுடைய அனுமதியோடு அவர்களின் குரலைப் பதிந்து வையுங்கள். தொலைவில் இருக்கும் பிள்ளைக்கு அனுப்புங்கள். ஆயிரம் பேர் பகிர்ந்ததை ஆயிரத்து ஒன்றாவது ஆளாக நீங்களும் பகிர்வதைவிட, உங்கள் வீட்டில் மட்டுமே இருக்கும் அந்த ஒன்றுதான் ஹதியா என்ற பெயருக்கு உரியது.

நம் செவிகளையும், நம் வழியாகப் பிறர் செவிகளுக்குச் சென்று சேர்பவற்றையும் அல்லாஹ் தூய்மையாக்கி வைப்பானாக! அறிவைத் தந்தது போல் அதைப் பயன்படுத்தும் மென்மையையும் நமக்குத் தருவானாக! ஆமீன்.

வஸ்ஸலாம்.